நீல மூடி போட்ட பாட்டில்

பிப்ரவரி 4

நட்டு,

உன் அண்ணன் உனக்கு வைத்த பெயரிலேயே கூப்பிடுகிறேன். 'அன்புள்ள' என்று ஆரம்பிக்க மனசு வரவில்லை. நவம்பரில் நீ டூல்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன அன்றே உன் எண்ணை என் போனிலிருந்து அழித்துவிட்டேன். ஷெட் சாவியை நீ திருப்பி அனுப்பிய கவரின் மேல் உன் பஸ் டெப்போ முகவரி இருந்தது. அதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். காரில் பவர் ஸ்டீயரிங் ஆயில் ஒழுகுகிறது. நிறுத்திவிட்டு எடுத்தால் முன்பக்கம் தரையில் கையகலத்துக்குக் கறை. வளைவில் திருப்பினால் வண்டி முனகுகிறது. நேற்று மருந்தகத்து வாசலில் திருப்பி நிறுத்துவதற்குள் என் இரண்டு தோளும் கழன்றுவிட்டன. இரண்டு கையும் நன்றாக இருக்கிற எனக்கே இந்தக் கதி. ஒரு கையால் ஓட்டப்போகிறவர் என்ன செய்வார்?

ஆமாம், உன் அண்ணன்தான் ஓட்டப்போகிறார். மார்ச் 24, செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு வாகன அலுவலகத்தில் அவருக்கு லைசென்ஸைத் திரும்பக் கொடுப்பதற்கான சோதனை. டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒற்றைக் கையால் சுழற்ற ஸ்டீயரிங்கில் ஒரு குமிழ் பொருத்தியாகிவிட்டது. குமிழோடு இந்த வண்டியைத்தான் பதிந்திருக்கிறார்கள், வேறு வண்டியில் போக முடியாது. இன்ஸ்பெக்டர் முதலில் குனிந்து வண்டிக்கு அடியில் பார்ப்பாராம். ஒரு சொட்டு விழுந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவாராம். அடுத்த தேதி எட்டு மாதம் கழித்து. பெயிண்ட் கம்பெனியில் ஏப்ரலில் வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு ஷெட்டாகப் போய்க் கலர் பொருத்தம் பார்த்துச் சொல்லும் வேலை. வண்டி ஓட்டாதவருக்கு அந்த வேலை இல்லை, எட்டு மாதம் அவர்கள் காத்திருக்கவும் மாட்டார்கள்.

தெருமுனை மெக்கானிக் வந்து பார்த்தான். பம்பு போச்சு, ரேக் போச்சு, இருபத்திரண்டு வருஷத்து வண்டிக்கு எதுவும் கிடைக்காது, எடைக்குப் போடுங்கள் என்றான். அவனுக்கு டீயும் கொடுத்து அனுப்பினேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

பதினாறு வருஷம் அந்த ஷெட்டை அண்ணனும் தங்கையுமாக நடத்தினீர்கள். அவர் தகரம் தட்டிப் பெயிண்ட் அடிப்பார், எஞ்சின் உன் பாடு. இந்த வண்டியின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று உனக்குத்தான் தெரியும். அதனால் கேட்கிறேன். மற்றபடி எதையும் மறந்துவிட்டதாக நினைக்காதே. பக்கவாதம் வந்து ஒரு வருஷம்கூட ஆகாதவர் ஆசைப்பட்டு ஓட்டிப் பார்த்து வாசல் தூணில் இடித்துவிட்டார். அதற்கு நீ என் சமையலறையில் நின்று, "அவனால இனிமே ஓட்ட முடியாது அண்ணி. வண்டியை வித்துடுங்க" என்றாய். நான் "வெளியே போ" என்றேன். இரண்டும் அப்படியே இருக்கட்டும்.

உனக்கு எழுதுவது அவருக்குத் தெரியாது. பதிலை மருந்தக முகவரிக்கு அனுப்பு.

அண்ணி


பிப்ரவரி 8

அண்ணிக்கு,

கவர் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் அண்ணனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து, பஸ்ஸுக்கு அடியில் வேலை பார்க்கும் குழியில் நின்றுகொண்டே கிரீஸ் கையோடு பிரித்தேன். அதனால் உங்கள் கடிதம் இப்போது கறுப்பாக இருக்கிறது.

தெருமுனை மெக்கானிக் சொன்னதைக் காற்றில் விடுங்கள். ஈரமாக இருப்பதெல்லாம் ஒழுகுகிற இடம் கிடையாது. ஆயில் மேலே ஓர் இடத்தில் கசியும், வழிந்து வந்து கீழே வேறெங்கோ சொட்டும். சொட்டுகிற இடத்தைப் பார்த்துப் பம்பு போச்சு என்று சொல்கிறவன் மெக்கானிக் இல்லை, ஜோசியக்காரன்.

இதைச் செய்யுங்கள். எஞ்சின் ஆறியபின் ஆயில் டப்பா, பம்பு, அதிலிருந்து கிளம்பும் இரண்டு ஹோஸ், கீழே சக்கரங்களைத் திருப்புகிற ரேக், எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடைக்கவும். சொட்டு அழுக்குகூட இருக்கக் கூடாது. அடியில் வெள்ளை அட்டை போடுங்கள். எஞ்சினை ஓடவிட்டு யாரையாவது ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பச் சொல்லுங்கள். கடைசியில் பிடித்துக்கொண்டே இருக்கக் கூடாது, தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். நீங்கள் டார்ச்சோடு பாருங்கள். முதலில் எங்கே மினுமினுக்கிறதோ அதுதான் இடம். ஹோஸ் கிளாம்ப் தளர்ந்திருந்தால் இறுக்கிப் பாருங்கள்.

மூன்று கேள்வி. சொட்டு என்ன நிறம்? டப்பாவில் யார் ஆயில் ஊற்றியது? எதை ஊற்றியது? பதில் எழுதும்வரை மேற்கொண்டு எதையும் ஊற்றாதீர்கள்.

என் எண்ணை நீங்கள் அழித்ததும் நல்லதுதான். போனில் பேசினால் இரண்டாவது நிமிஷம் சண்டை வரும். கடிதத்தில் கோபம் வந்தால் கிழித்துப்போட்டு வேறு எழுதலாம். இது மூன்றாவது தாள்.

'வெளியே போ' என்று நீங்கள் சொன்னது மட்டும் என்றால் பரவாயில்லை. அவனுக்குக் கைப்பயிற்சி கொடுக்க வந்த பெண் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் சொன்னீர்கள்.

நட்டு


பிப்ரவரி 13

நட்டு,

கைப்பயிற்சிப் பெண் முன்னால் சொன்னது தப்பு. ஒத்துக்கொள்கிறேன். சொன்னது தப்பு என்று ஒத்துக்கொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை அவரைப் பயிற்சிக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு, அரை நாள் லீவு போட்டுத் துடைத்தேன். பத்தொன்பது வருஷம் மருந்து சீசாக்களைத் துடைத்த கை இது, சுத்தத்தில் எனக்கு நீ பாடம் எடுக்க வேண்டாம். மூன்று பழைய போர்வை செலவாகிவிட்டன. மேல்வீட்டு ஆசிரியையை ஸ்டீயரிங்கில் உட்காரவைத்தேன். அவர் பாடம் நடத்துகிற குரலில் "இடம், வலம்" என்று சொல்லிக்கொண்டே திருப்பினார். நான் டார்ச்சோடு தலைகீழாகத் தொங்கினேன்.

முதலில் மினுமினுத்தது பம்பின் நடுவே, பெல்ட் ஓடுகிற சக்கரத்துக்குப் பின்னால். அடுத்து, பம்பிலிருந்து கிளம்பும் தடித்த ஹோஸின் மூட்டு. மூன்றாவதாக டப்பாவுக்குத் திரும்பி வரும் ஹோஸ். அதன் கிளாம்பை இறுக்கினேன், கொஞ்சம் நின்றது, பிறகு மறுபடி கசிந்தது. அந்த ஹோஸைத் தொட்டால் ஊறிப்போன ரொட்டி மாதிரி இருக்கிறது. ரேக்கின் ஓரத்திலும் ஈரம். ஒரே நேரத்தில் நாலு இடம். இது எனக்கு ஒழுகல் மாதிரித் தெரியவில்லை, தொற்று மாதிரித் தெரிகிறது.

நிறம்: முன்பு சிவப்பாக இருக்கும், இல்லையா? இப்போது வெளிறிய ரோஸ், கலங்கல். ஊற்றியது நான்தான். டிசம்பரில் ஒரு முறை, ஜனவரியில் இரண்டு முறை. உன் அண்ணன் சொன்ன இடத்திலிருந்துதான் எடுத்தேன்: ஷெட்டில் இரண்டாவது தட்டு, நீல மூடி போட்ட பாட்டில். அதன் மேல் 'ஸ்டீயரிங்' என்று உன் கையெழுத்தில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. நான் லேபிளைப் படிக்காமல் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்பது உனக்குத் தெரியும்.

பம்பையும் ஹோஸையும் எப்படிக் கழற்றுவது என்று எழுது. என்னால் முடியுமா என்று கேட்காதே. இன்னும் முப்பத்தொன்பது நாள் இருக்கிறது.

அண்ணி


பிப்ரவரி 17

அண்ணிக்கு,

பம்பைப் பிறகு பார்க்கலாம். முதலில் ஒன்று செய்யுங்கள். அந்த நீல மூடி பாட்டிலில் மிச்சம் இருப்பதில் ஒரு ஸ்பூன் எடுத்து, கண்ணாடி டம்ளரில் பாதித் தண்ணீர் வைத்து அதில் விட்டுக் கலக்குங்கள். ஸ்டீயரிங் ஆயில் என்றால் மேலே மிதக்கும். மிதக்கிறதா, கரைகிறதா என்று எழுதுங்கள்.

ஏன் என்று இப்போது கேட்காதீர்கள். இதற்கு முன் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன், அனுப்பவில்லை. அதில் எழுதியது உண்மையாக இருக்கக் கூடாது என்று பார்க்கிறேன்.

அண்ணன் சாப்பிடுகிறானா? இடது விரல் மடக்க வருகிறதா? கடிதத்தில் நீங்கள் எழுதவே இல்லை.

நட்டு


பிப்ரவரி 21

நட்டு,

கரைந்தது. தடயமே இல்லாமல் கரைந்தது. மருந்தகத்தில் என் மேஜையில், என் டம்ளரில் கலக்கிப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீ சொல்லாவிட்டாலும் எனக்குப் புரிந்தது, இது எண்ணெயே இல்லை. பக்கத்து ஷெட்டுப் பெரியவரிடம் எடுத்துப் போய்க் காட்டினேன். ஒரு விரலில் தொட்டுத் தேய்த்துவிட்டு "பிரேக் ஆயில்மா" என்றார். இதை ஸ்டீயரிங்கில் ஊற்றினால் உள்ளே இருக்கிற ரப்பர் சீல் எல்லாம் உப்பிப் பிசுபிசுத்துவிடுமாம். அதனால்தான் நாலு இடத்திலும் ஒழுகுகிறது.

பத்தொன்பது வருஷத்தில் ஒரு மாத்திரை மாற்றிக் கொடுத்ததில்லை நான். என் வண்டிக்கு என் கையாலேயே விஷத்தை ஊற்றியிருக்கிறேன், அதுவும் மூன்று வேளை.

வீட்டுக்குப் போனதும் பாட்டிலை உன் அண்ணன் முன்னால் வைத்தேன். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான்தான் மாத்தி ஊத்தி வச்சேன். சொல்ல மறந்துட்டேன்" என்றார். எப்போது என்றேன். ஞாபகமில்லை என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன பேசினேன் என்று எழுத மாட்டேன். மனுஷர் அத்தனையையும் வாங்கிக்கொண்டார். பிறகு பால்கனியில் போய் உட்கார்ந்து இடது கைப் பந்தை அழுத்திக்கொண்டிருந்தார். மூன்று விரல் மடங்குகிறது, கேட்டாயே. சாப்பிடுகிறார்.

சோதனையைத் தள்ளிப் போடலாம் என்று அவரே சொன்னார். முடியாது என்றேன். அவரைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, மறுபடி போய் ஏற்றிக்கொண்டு வரும்போது ஒவ்வொரு தடவையும் அவர் முகம் போகிற போக்கை நான் பார்க்கிறேன். போன வாரம், "மூட்டை வந்துடுச்சு, இறக்கிக்கோ" என்று கைப்பயிற்சிப் பெண்ணிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முப்பத்தொரு நாள். என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்.

அண்ணி


பிப்ரவரி 25

அண்ணி,

அண்ணனைத் திட்டாதீர்கள். ஒரு கையால் கேனைச் சாய்த்து பாட்டில் வாயில் சிந்தாமல் ஊற்ற முடியுமா என்று ஒரு நிமிஷம் யோசித்தீர்களா? அவன் பொய் சொல்கிறான். ஊற்றியது நான்.

நவம்பரில், நான் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு பிரேக் ஆயில் கேன் அடியில் விரிசல் விட்டுவிட்டது. கைக்குக் கிடைத்த காலி பாட்டிலில் கொட்டினேன். அதுதான் நீல மூடி. எங்கள் ஷெட்டில் யார் லேபிளைப் பார்த்தார்கள்? மூடியைத் திறந்து மோந்து பார்ப்போம், இரண்டு விரலில் தேய்த்துப் பார்ப்போம், அவ்வளவுதான். பதினாறு வருஷமாக எந்த பாட்டிலிலும் எழுதியிருப்பது உள்ளே இருந்ததில்லை. அதை ஒரு பெருமையாகவே சொல்லித் திரிந்தோம். கழுத்தில் ஒரு சிவப்புக் கம்பி சுற்றிவைக்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் அந்தச் சண்டை. கோபத்தில் பெட்டியைத் தூக்கினேன், கம்பி ஞாபகமே வரவில்லை. லேபிளை நம்புகிற ஒரே ஆள் அந்த வீட்டில் நீங்கள்தான் என்பதும் ஞாபகம் வரவில்லை.

உங்கள் இரண்டாவது கடிதத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சொல்லத் தைரியம் இல்லாமல்தான் தண்ணீரில் கலக்கச் சொன்னேன். அவனால் முடியாது என்று சொன்னதும் நான், முடியாதபடி செய்துவைத்ததும் நான் என்றால் எந்த முகத்தோடு எழுதுவது?

இனி வேலை. இதோடு ஒரு பார்சல் வருகிறது. பம்பு சீல், மூட்டில் போடும் ரப்பர் வளையமான ஓ-ரிங், திரும்பும் ஹோஸுக்குப் புது ரப்பர், பம்புச் சக்கரத்தை இழுத்துக் கழற்றும் கருவி, அசல் ஆயில் ஆறு லிட்டர். சீலுக்காக எங்கள் ஸ்டோர்காரர் ஒரு வாரம் அலைந்தார். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் எழுதியிருக்கிறேன். இந்த முறை உள்ளே இருப்பதைத்தான் எழுதியிருக்கிறேன்.

முதலில் பழையதை முழுக்க வடியுங்கள். பம்பை இறக்கிச் சீலை மாற்றுங்கள். பழைய சீல் எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ புதுசும் அதே பக்கம். ஓ-ரிங்குக்குப் புது ஆயில் தொட்டுப் போடுங்கள். பிறகு முன் சக்கரம் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, நல்ல ஆயிலை ஊற்றி ஊற்றிக் கழுவி வெளியே விடுங்கள், வருகிறது சுத்தச் சிவப்பாகும்வரை. கடைசியில் நிரப்பிவிட்டு, எஞ்சினைப் போடாமல் ஸ்டீயரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் மெதுவாக இருபது தடவை திருப்ப வேண்டும். டப்பாவில் குமிழி வருவது நிற்கும்வரை. காற்று இருந்தால் மறுபடி முனகும்.

ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்டு வைத்துத்தான் படுக்க வேண்டும். இதை இரண்டு தடவை படியுங்கள்.

நட்டு


மார்ச் 9

நட்டு,

உன் கடிதத்தைப் படித்ததும் உன்னை நாலு அறை அறைய வேண்டும் போல இருந்தது. இரண்டாவது தடவை படித்தபோது இரண்டு அறை போதும் என்று தோன்றியது. ஸ்டாண்டு பற்றியதையும் இரண்டு தடவை படித்தேன்.

பம்பை இறக்க எனக்கு மூன்று சாயங்காலம் ஆயிற்று. ஒரு போல்ட் எனக்கென்றே பிறந்தது போல அசையவில்லை. ஸ்பானரில் குழாயை மாட்டி, அதன் மேல் ஏறி நின்று கழற்றினேன். சக்கரத்தைக் கழற்றும் கருவியைப் பொட்டலத்திலிருந்து எடுக்கும்போது உன் அண்ணன் வந்து நின்றார். சீல் பொட்டலத்தின் மேல் உன் கையெழுத்து. அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இனி மறைத்து என்ன? எல்லாக் கடிதங்களையும் கொடுத்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து தேதி வாரியாகப் படித்தார்.

நான் கேட்டேன், ஏன் பொய் சொன்னீர்கள் என்று. வண்டியை நான் துடைத்து வைத்த அன்றே அவருக்குத் தெரிந்துவிட்டதாம். ஆயில் டப்பாவுக்குக் கீழே இருக்கிற தகட்டில் பெயிண்ட் கொப்புளித்து உரிந்திருக்கிறது. ஸ்டீயரிங் ஆயில் பெயிண்டை ஒன்றும் செய்யாது, பிரேக் ஆயில்தான் உரிக்கும். பெயிண்ட்காரருக்கு இது தெரியாதா? நேராகப் போய் பாட்டிலை மோந்து பார்த்திருக்கிறார். அதை ஊற்றிவைக்க உன்னை விட்டால் ஆள் இல்லை என்றும் தெரிந்திருக்கிறது. "ஏற்கெனவே கோவிச்சுக்கிட்டுப் போனவ. இதையும் அவ தலையில போட்டா திரும்பியே வர மாட்டா" என்றார். நான் திட்டிய திட்டையெல்லாம் உனக்காக வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

இன்னொன்றும் சொன்னார். அன்று சமையலறையில் நீ பேசியது கூடத்தில் அவருக்குக் கேட்டதாம். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். "அவ சொன்னதுல பாதி சரி. அன்னைக்கு என்னால முடியல. 'இனிமே'ன்னு சொன்னாளே, அதுதான் தப்பு."

அதற்குப் பிறகு இரண்டு பேருமாகத்தான் செய்தோம். அவர் டார்ச் பிடித்தார், எதைத் தொட வேண்டாம் என்று சொன்னார், நான் தொட்டேன். சீல் போட்டோம், ஹோஸ் மாற்றினோம், உன் ஆயிலில் ஐந்து லிட்டர் கழுவலுக்கே போயிற்று. கடைசியில் ஸ்டீயரிங்கை இருபது தடவை திருப்ப யார் உட்காருவது என்று நான் கேட்கவே இல்லை. அவரே கதவைத் திறந்து ஏறினார். நவம்பருக்குப் பிறகு இப்போதுதான் அந்த இருக்கையில் உட்காருகிறார். வலது கையால் குமிழைப் பிடித்து இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்பினார். நான் டப்பாவைப் பார்த்துக் குமிழி எண்ணுகிற சாக்கில் பானெட்டுக்குப் பின்னால் நின்று அழுதேன். இருபது என்றேன். அவர் நாற்பது வரை திருப்பினார்.

முனகல் போய்விட்டது. ஸ்டீயரிங் ஒரு விரலுக்குச் சுற்றுகிறது. பம்பு காய்ந்திருக்கிறது, ஹோஸ் காய்ந்திருக்கிறது. ஆனால் ரேக் ஓரத்தில் இன்னும் சொட்டுகிறது. வெள்ளை அட்டை வைத்துப் பார்த்தேன், அரை மணிக்கு ஒரு சொட்டு. தெருமுனை மெக்கானிக் வந்து, உள்ளே போகும் முன் துடைத்துவிட்டுப் போங்கள், பத்து நிமிஷத்தில் என்ன தெரியும் என்றான். இந்த முறை அவனுக்கு டீ இல்லை. ஏமாற்றி வாங்கின லைசென்ஸோடு அவர் ஓட்ட மாட்டார், நானும் விட மாட்டேன்.

பதினைந்து நாள். ரேக்கை இறக்குவது எப்படி என்று எழுது.

அண்ணி


மார்ச் 13

அண்ணி,

உங்கள் கடிதத்தை டெப்போவில் படிக்க முடியவில்லை. அறைக்கு எடுத்துவந்து கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். அவன் கேட்டுக்கொண்டிருந்தான் என்று நான் நினைக்கவே இல்லை.

ரேக்கை எழுதிக் காட்ட முடியாது. நானும் நாலு தாளில் முயற்சி செய்தேன். அதை இறக்கி, பிரித்து, உள்ளே இருக்கிற சீலைக் கீறல் விழாமல் உட்காரவைக்க வேண்டும், பிறகு சக்கரங்களை நேர் பார்க்க வேண்டும். உங்களால் முடியாது என்று சொல்ல மாட்டேன், அந்த வார்த்தையை நான் இனி யாரிடமும் சொல்வதாக இல்லை. ஆனால் மிச்சம் இருக்கிற பதினோரு நாள் போதாது. எனக்கு இரண்டு நாள் போதும்.

சீல் கிட் கிடைத்துவிட்டது. மார்ச் 21 காலை வந்து இறங்க முடியும். நீங்கள் வெளியே போகச் சொன்ன வீட்டுக்கு நானாக வர முடியாது. ஷெட்டிலேயே படுத்துக்கொள்கிறேன். வரலாமா?

நட்டு


மார்ச் 16

நட்டு,

வா. ஷெட்டில் படுக்கிறேன், கிணற்றில் படுக்கிறேன் என்றெல்லாம் நாடகம் போடாதே. உன் அறையைப் பெருக்கியாகிவிட்டது.

அண்ணி


மார்ச் 24, சாயங்காலம்

நட்டு,

போன் பண்ணிச் சொல்லலாமே என்றார் உன் அண்ணன். இல்லை, இதை எழுதித்தான் ஆக வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். உன் மேல் கோபமாகவும் இருக்கிறேன். மூன்று நாள் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தாய், நேர் பார்த்து முடித்தாய், வெள்ளை அட்டையை நடுக்கூடத்தில் கொண்டுவந்து சொட்டு இல்லை என்று காட்டினாய். அவரிடம் மட்டும் சாப்பாடு ஆச்சா என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்று காலை கண் விழித்தால், ஒன்றரை மணி ரயிலுக்கு ஆறு மணிக்கே கிளம்பிப் போயிருக்கிறாய். பார்க்கத் தைரியம் இல்லை என்று மேஜையில் ஒரு சீட்டு. பம்பு போல்ட்டை விடக் கெட்டியான நெஞ்சு உனக்கு.

சரி, கேள். இன்ஸ்பெக்டர் ஒரு பெண். சிரிப்பே கிடையாது. வண்டிக்கு அடியில் ஒரு நியூஸ் பேப்பரை விரித்து, பத்து நிமிஷம் எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பச் சொன்னார். பிறகு பேப்பரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு "ஏறுங்க" என்றார். நான் வேலிக்கு வெளியே நின்றேன்.

முதல் திருப்பத்தில் இடது கண்ணாடியைப் பார்க்காமல் திருப்பிவிட்டார். அந்தப் பெண் எழுதுவது இங்கிருந்தே தெரிந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு திருப்பத்துக்கும் தலையை முழுசாக இடது பக்கம் திருப்பி, பின்னால் உட்கார்ந்திருப்பவரோடு பேசுகிறவர் மாதிரிப் பார்த்தார். வளைத்து நிறுத்தச் சொன்னார்கள், ஒரே மூச்சில் நிறுத்தினார். இரண்டு தூணுக்கு நடுவே பின்னால் எடுக்கச் சொன்னார்கள். தூண் என்றதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது வண்டி உள்ளே இருந்தது, தூண் இரண்டும் நின்றுகொண்டிருந்தன.

தாளில் முத்திரை விழுந்தது. பகலில் மட்டும், குமிழ் வைத்த வண்டி மட்டும். அவர் தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு முதலில் கேட்டது, "அவ ரயில் எத்தனை மணிக்கு?"

ஒன்று பத்துக்கு லெவல் கிராசிங் வந்துவிட்டோம். கேட் போட்டிருந்தது. எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியவில்லை, சரக்கு வண்டி ஒன்று நகர்ந்து நகர்ந்து போனது, கேட் திறக்கவில்லை. அடுத்ததாக வந்தது உன் ரயில். நீ எந்தப் பெட்டியில் இருந்தாய் என்று தெரியாது. எங்களுக்கு நேர் முன்னால், பத்தடியில் போய்க்கொண்டிருந்தாய். அவர் ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி ஹார்னை அழுத்திக்கொண்டே இருந்தார். பின்னால் நின்ற லாரிக்காரர் எங்களைத் திட்டினார். நீ பார்த்தாயா? பார்த்திருக்க மாட்டாய், நீதான் எப்போதும் அந்தப் பக்கம் உட்காருகிற ஆளாயிற்றே.

கடைசிப் பெட்டியும் போன பிறகுதான் அவர் ஹார்னிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "அவ டெப்போ வரைக்கும் ரோடு இருக்குல்ல?" என்றார்.

இருக்கிறது. பகலில் மட்டும் ஓட்டினால் இரண்டு நாள். வெள்ளிக்கிழமை காலை கிளம்பி, நடுவில் ஓர் இடத்தில் தங்கி, சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு உன் டெப்போ வாசலில் இருப்போம். இந்தக் கடிதம் உனக்கு வெள்ளிக்கிழமை கிடைக்கும். அதனால் ஓடிப்போவதற்கு உனக்கு ஒரு நாள் இருக்கிறது. ஓடாதே. ஓடினாலும் துரத்திக்கொண்டு வருவார், வண்டி இப்போது நன்றாகத் திரும்புகிறது.

மன்னிப்பு, அழுகை எல்லாம் அவருக்கு வேண்டாமாம். கேட்பது ஒன்றே ஒன்று. நான் பின்சீட்டுக்குப் போய்விடுவேன். நீ முன்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்தாமல் உட்கார வேண்டும், அவ்வளவுதான். இன்று கேட் வரைக்கும் நான் ஏழு தடவை அழுத்தினேன், அவர் எண்ணிக்கொண்டே ஓட்டினார்.

அண்ணி